இன்னும் வக்கீல் ஆகாத பிள்ளைகளின் மேஜை

நான் வழக்கமாக மதிப்புரை எழுதுவது தோல் தைக்கிற மெஷினுக்கும் பசைக்கும் ஜிப்புக்கும்தான். இந்தத் தடவை மும்பையில் ஒரு சட்டக் கல்லூரி நடத்துகிற இலவச சட்ட உதவி மையத்தைப் பற்றி எழுதுகிறேன். தாராவி, சயான், அண்டாப் ஹில் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், "படிக்கிற பிள்ளைங்க கிட்டப் போயி என்னத்தக் கேக்க" என்று விட்டுவிடுகிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். கையில் காகிதத்தோடு போங்கள். பரீட்சை சமயத்தில் போகாதீர்கள்.

கல்லூரியின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், அங்கே உட்கார்ந்திருப்பதோ வருஷத்துக்கு வருஷம் மாறுகிற பிள்ளைகள். பெயர் அவ்வளவு முக்கியமும் இல்லை. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இப்படி ஒரு மையம் நடத்தியாக வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் பலகை மட்டும் தொங்கும், ஆள் இருக்க மாட்டார்கள். நாங்கள் போன இடத்தில் ஆள் இருந்தார்கள்.

எங்கள் சங்கதி இதுதான். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். எங்கள் வீட்டில் யாராவது வக்கீல் ஆபீஸ் படியேறியிருந்தால் அது குடிசை இடிப்பு நோட்டீஸுக்காகத்தான் இருக்கும். சரி, படிக்கட்டும் என்றோம். விண்ணப்பத்தில் பிரிவு என்று ஒரு கட்டம் வந்தது. நாங்கள் ஆதி திராவிடர். என் அப்பா அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடுகிற வேலைக்குத் தாராவி வந்தவர். நான் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில், மகள் பிறந்ததும் அங்கேதான். ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு எல்லாம் மகாராஷ்டிரா. சாதிச் சான்று மட்டும் அப்பா பெயரில் ஒன்றே ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுத் தாசில்தார் கையெழுத்து, மடிப்பில் கிழிசல்.

தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு ஏஜென்ட், "பதினஞ்சாயிரம் குடுங்கண்ணே, மகாராஷ்டிரா சர்டிபிகேட்டே எடுத்துத் தாரேன். உங்க தாத்தா 1950க்கு முன்னாலயே இங்க இருந்த மாதிரி ஒரு பேப்பர் போட்டுக்கிடலாம்" என்றார். நன்றாகத்தான் பேசினார். செய்துகொடுத்த ஆட்களின் பட்டியலையும் சொன்னார். என் மனைவிதான், "காசு குடுக்கிறதுக்கு முன்னால சட்டம் தெரிஞ்ச யாரையாவது கேளுங்க" என்றாள். அப்படித்தான் அங்கே போனோம்.

இடத்தைப் பற்றி. இரண்டாவது மாடியில் ஒரு பழைய வகுப்பறை. இரும்பு பீரோ, மூன்று மேஜை, சத்தம் போடுகிற ஃபேன், சுவரில் அம்பேத்கர் படம். அவர் 1935இல் இதே மும்பையின் அரசு சட்டக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. எனக்கு அது புதுச் செய்தி. நம் பகுதியில் அவர் சிலைக்கு மாலை போடாத வருஷம் கிடையாது, ஆனால் இந்த ஊரில் சட்ட வாத்தியாராக இருந்தார் என்று யாரும் சொன்னதில்லை. பக்கத்துச் சுவரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பற்றி அழகான போஸ்டர். அதைப் படிக்க இரண்டு மாடி ஏற வேண்டும். லிஃப்ட் இருக்கிறது, ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் மூட்டுவலியோடு ஒரு பாட்டி படி ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார்.

வேலை செய்கிற விதம் பிடித்தது. ஒரு மேஜைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் கேட்கிறார், ஒருவர் எழுதுகிறார். முடிந்ததும் எழுதியதை நமக்கே வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கியிருக்கிறேன். நான் சொன்னதை எனக்கே வாசித்துக் காட்டியவர்கள் இவர்கள்தான். அதற்கப்புறம் ஒரு பேராசிரியர் வந்து சரிபார்க்கிறார். தங்களால் கோர்ட்டில் வாதாட முடியாது, வழக்கறிஞர் சட்டப்படி பதிவு செய்த வக்கீல்தான் ஆஜராக முடியும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். மனு எழுதுவது, எந்த ஆபீஸ் எந்தப் படிவம் என்று காட்டுவது, கூட வருவது, வழக்கு வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு அனுப்புவது, இவ்வளவுதான் இங்கே கிடைக்கும்.

எங்கள் மேஜையில் ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணு மாட்டுங்கா. "வாங்கோ அங்கிள், உக்காருங்கோ" என்றதும் என் மகள் என்னைப் பார்த்தாள். மாட்டுங்கா ஐயர் வீட்டுத் தமிழை நாங்கள் கேட்டது கோயில் தெருவிலும் காபிக் கடையிலும்தான். என் அப்பா அங்கே போனதெல்லாம் செருப்பு கொண்டுபோய் விற்க, வாசலோடு சரி. அந்தத் தெருவிலிருந்து வந்த பொண்ணு அப்பாவின் சர்டிபிகேட்டைக் கிழியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மங்கிப்போன எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்து, கூட இருந்த பையனுக்கு இந்தியில் சொன்னது. இதற்காகப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம், அது அந்தப் பொண்ணு அங்கே செய்ய வேண்டிய வேலை. ஆனால் நான் கவனித்தேன்.

பையன் மகாராஷ்டிராவிலேயே விதர்பாப் பக்கம். பௌத்தக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி, எல்லாம் அந்தத் தம்பியே சொன்னது. பொண்ணுக்குச் சட்டம் தெரியும். தம்பிக்குக் கவுன்ட்டர் தெரியும். சாதிச் சான்று, அப்புறம் அதைச் சரிபார்க்கிற குழு கொடுக்கிற வேலிடிட்டி சான்று என்று எல்லாவற்றுக்கும் தானே அலைந்து வாங்கியிருக்கிறார். "அங்கிள், இதை லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, ஒரிஜினலானு சந்தேகப்படுவாங்க" என்றார். பிரமாணப் பத்திரத்துக்கு 500 ரூபாய் முத்திரைத்தாள் கேட்டால் கொடுக்க வேண்டாம், சாதிச் சான்றுக்கு வெள்ளைத் தாளே போதும் என்றார். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் போல வந்து குடியேறிய எல்லோருக்கும் இது பொருந்தும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் அந்த மாநிலத்தைப் பொறுத்துத்தான் பட்டியல் சாதி. குடும்பம் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்று பார்க்க ஒரு தேதி இருக்கிறது: 10 ஆகஸ்ட் 1950. அன்றைக்கு நிரந்தரமாக எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அதற்கு அப்புறம் பிறந்த பிள்ளைகள் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் அந்தக் குடும்பத்தின் மாநிலம்தான் அவர்களுக்கும். ஏஜென்ட் 1950 என்று சொன்னதன் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது.

இது பற்றிய பெரிய வழக்கு நம் ஊரிலிருந்தே போயிருக்கிறது. ஆந்திராவில் பழங்குடிச் சான்று பெற்ற ஒருவர் அரசு உரக் கம்பெனி வேலையாக மும்பை வருகிறார். சின்ன வயதில் கூட வந்த மகன் இங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்கிறார். கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல், ஒரு மாநிலத்துப் பட்டியல் உரிமையை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு சாதி படுகிற கஷ்டம் எல்லா மாநிலத்திலும் ஒரே அளவு இல்லை என்பது காரணம்.

பொண்ணு இதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா திருநெல்வேலியில் ரயில் ஏறும்போது சாதியும் கூடவே ஏறியது, தாதரில் இறங்கும்போதும் கூடவே இறங்கியது. இங்கே வாடகைக்கு வீடு கேட்டால் இன்றைக்கும் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்புறம் தெருவைக் கேட்கிறார்கள். சர்டிபிகேட் மட்டும் வழியில் குண்டக்கல்லிலேயே இறங்கிக்கொண்டது என்றால் எப்படி? இதைச் சொன்னபோது அந்தத் தம்பி சிரித்தார். அப்புறம், "அங்கிள், இங்க இருக்கிற சீட்டும் கம்மிதான்" என்றார். அவர் ஊரில் அந்த ஒரு சீட்டுக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார். கோர்ட் சொன்ன காரணத்தை விட அந்தத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பங்கு கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அறுபது வருஷம் ஒரே ஊரில் வேலை செய்து, வரி கட்டி, மூன்றாவது தலைமுறை வளர்ந்த பிறகும் வந்தவன் கணக்கிலேயே வைத்திருப்பது நியாயம் என்று இன்றைக்கும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அறுபது வருஷத்துக்கு அப்புறமாவது கணக்கை மாற்ற ஒரு வழி வைத்திருக்கலாம்.

வழி என்னவென்று கேட்டேன். இருக்கிறது. அப்பாவின் மூலச் சான்றைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே குடியேறியவர்களுக்கான சான்று கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை எண்பதுகளிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தச் சான்று மகாராஷ்டிராவின் மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் செல்லும். அதாவது மகளுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அது உதவும். 2023இலிருந்து அங்கே ஐந்து வருஷ சட்டப் படிப்பு இருக்கிறது, கிளாட் என்கிற அகில இந்திய சட்ட நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் அகில இந்திய இடம், மாநில இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. ஒவ்வொன்றையும் படித்துத்தான் டிக் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்கள்.

ஏஜென்ட் சொன்ன வழியைப் பற்றியும் கேட்டோம். பொய்ச் சான்றுக்கு மகாராஷ்டிராவில் 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருக்கிறது. பிடிபட்டால் வழக்கு, அதோடு படித்து வாங்கிய பட்டமும் போகும். வக்கீல் ஆகப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேண்டுமா? ஏஜென்ட் இப்போது என்னைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டிப் போகிறார்.

நடைமுறையில் எப்படி இருந்தது என்றால், இங்கே ஒரு அலுவலகத்தில் முதலில், "தமிழ்நாடு சர்டிபிகேட்டா? அங்கேயே போய் வாங்குங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மையத்தில் அந்தச் சுற்றறிக்கைகளின் தேதியைப் போட்டு மராத்தியில் ஒரு மனு தயாரித்துக் கொடுத்தார்கள், தம்பி கூடவே வந்தார். மனுவைப் பார்த்ததும் அதே ஜன்னலில் குரல் கொஞ்சம் தணிந்தது. உடனே கிடைத்துவிடவில்லை. சான்று உண்மையா என்று ஊருக்கு எழுதிக் கேட்டார்கள், பதில் வரத் தாமதமானது, சித்தப்பா ஊரில் தாலுகா ஆபீஸ் படி ஏறினார். ஆனால் கிடைத்தது. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், டீ, இவ்வளவுதான் செலவு.

பேச்சோடு பேச்சாகப் பொண்ணு சொன்ன இன்னொரு விஷயம், நம் ஆட்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சீட்டு விஷயத்தில் மாநில எல்லை உண்டு. ஆனால் சாதியைச் சொல்லித் திட்டினாலோ அடித்தாலோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எந்த மாநிலத்தில் இருந்தாலும் உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் சொல்லிவிட்டது. "நீ இங்க எஸ்.சி. கிடையாது, கேஸ் எடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள். என்னோடு வேலை பார்க்கிற ஒருவருக்கு முன்பு இப்படி ஒரு பதில் கிடைத்தது, மனிதர் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எல்லோருக்கும் பதில் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அதே ஊர், அதே சனம், மூன்று தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். நாங்கள் போய்வந்ததைப் பார்த்து அவரும் போனார். பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவின்படி இந்துக்கள், 1956 திருத்தத்தால் சீக்கியர், 1990 திருத்தத்தால் பௌத்தர், இவர்கள் மட்டும்தான் பட்டியலுக்குள் வர முடியும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். அதே விதர்பா தம்பிதான் அவருக்கும் இதை எடுத்துச் சொன்னாராம். "1990க்கு முன்னால எங்க ஆளுங்களுக்கும் மத்திய அரசுல இதே நிலைமைதான் அங்கிள்" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்து, "அவன் ஒருத்தன்தான்டே நான் சொன்னத முழுசாக் கேட்டான்" என்றார். கையில் ஒன்றும் கிடைக்காமல் வந்த மனிதர் சொன்னது இது, மதிப்புரையில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மகள் தன் பங்குக்கு அந்த இருவரையும் வேறு கேள்விகள் கேட்டுத் துளைத்துவிட்டாள். கிளாட் தேர்வு டிசம்பரில், இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாமே ஆங்கிலத்தில் நீள நீளமான பத்திகள். தப்பான விடைக்கு கால் மார்க் போகும். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எங்களுக்கு 3,500. சமத்துவத்தைப் படிக்கப் போகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்தி இங்கிலீஷ் வேகத்தை அளக்கிறார்கள். மகாராஷ்டிராவின் சொந்த சட்ட நுழைவுத் தேர்வையாவது மராத்தியிலும் எழுதலாம். கோச்சிங் சென்டர்களில் கேட்ட தொகைக்கு நான் இன்னொரு மெஷின் வாங்கிவிடுவேன். ஐடியா என்று ஒரு அமைப்பு இருக்கிறது என்று பொண்ணுதான் சொன்னது. பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010இல் ஆரம்பித்தது, வசதியில்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து கிளாட்டுக்குத் தயார் செய்கிறார்கள். மகள் விண்ணப்பிக்கிறாள்.

குறைகள். மூன்று மேஜையும் ஒட்டி ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். "உங்க சாதி என்ன?" என்று கேட்டால் அடுத்த மேஜைக்கும் கேட்கும். எங்களுக்கு அடுத்து ஒரு பெண் புருஷன் அடிக்கிற விஷயத்தைச் சொல்ல வந்திருந்தார், வாயைத் திறக்கவே இல்லை. ஒரு திரையாவது கட்டலாம். படிவமெல்லாம் மராத்தியும் ஆங்கிலமும், தாராவி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் தமிழில் ஒரு துண்டுத் தாள் கிடையாது. அந்த மாட்டுங்காப் பொண்ணு அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் அப்பா சர்டிபிகேட்டை வாசிக்கவே ஆள் இல்லை. பேராசிரியர் சொன்ன நேரத்துக்கு வந்து நான் பார்க்கவில்லை. பெரிய குறை என்னவென்றால், பரீட்சை வந்தால் கதவைப் பூட்டிவிடுகிறார்கள், அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகள், நம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஃபைல் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் பாதிக் கதை மிச்சம்.

வழக்கு என்று வந்தால் இந்த மையத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 15100க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் எண். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. என் மனைவிக்கு இது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் என் குரல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது லிஃப்டுக்காக. சாதிச் சான்றுக்குப் போகிறவர்கள் அப்பா அல்லது தாத்தாவின் மூலச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், எந்த வருஷம் மும்பை வந்தார்கள் என்பதற்குப் பழைய ரேஷன் கார்டோ வேலைச் சீட்டோ, பிள்ளையின் பிறப்புச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். பெயர் எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா பெயர் நான்கு காகிதத்தில் நான்கு விதமாக இருந்தது, அதற்கென்று தனியாக ஒரு பிரமாணப் பத்திரம் எழுத வேண்டி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் குறைவு.